சாயந்திர பேட்ச்

பெருங்கடவிளை
12.6.1996

ஜின்சிக்கு,

பிந்து எழுதுகேன். கவருக்கப் பின்னாடி பேரைப் பாத்ததும் கிழிச்சுப் போடாம இருந்தியானா மிச்சத்தையும் வாசிச்சுரு.

காலேஜ்ல ஒண்ணா வெயிட் தூக்கினதுக்குப் பொறவு நாம பேசவே இல்ல. எனக்குக் கல்யாணம் ஆச்சு. ராஜன்னு பேரு. இஞ்ச ரப்பர் ஷீட் வாங்கி எடுக்கிற கடையில வேலை. நீ பாறசாலையில ஒரு ஸ்கூல்ல லீவு வேகன்சியில பி.டி. டீச்சரா போறேன்னு அறிஞ்சேன். லீவுல போன டீச்சர் திரும்பி வந்தா உன்னை அனுப்பிருவாங்க இல்லியா, அதான் எழுதுகேன்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்க மாடியில லேடீஸ் ஜிம் உண்டு. பார்பெல், டம்பெல், சக்கரம் இல்லாத சைக்கிள், இடுப்புல மாட்டினா குலுக்குற பெல்ட் மெஷின், ஒரு செவரு பூராவும் கண்ணாடி. காலையில ஒரு பேட்ச், சாயந்திரம் ஒரு பேட்ச். ஒண்ணரை வருஷமா ரெண்டையும் நான்தான் எடுக்கேன். முதலாளி பேரு விஜயதாஸ், பஹ்ரைன்ல இருந்து வந்தவரு. இப்போ அவருக்கு சர்ட்டிபிகேட் உள்ள ஆளு வேணுமாம். சேர வாற பொம்பளைகளுக்க மாப்பிள்ளைமாரு, சொல்லித் தாறவ என்ன படிச்சிருக்கான்னு கேக்காங்களாம்.

சென்னையில பத்து நாள் கோர்ஸ் ஒண்ணு உண்டு. விலாசம் கீழ எழுதியிருக்கேன். அதை முடிச்சிட்டு வா. காலை பேட்ச் உனக்கு, சாயந்திரம் எனக்கு. ஓணத்துக்கு முந்தி வந்தா நல்லது.

வேற ஒண்ணும் இல்ல.

பிந்து


பாறசாலை
20.6.1996

பிந்து,

கிழிக்கவில்லை. அப்பா நேசமணி என் கையில் கவரைத் தரும்போதே “இது யாரு, அந்தப் பெருங்கடவிளைக்காரியா?” என்று கேட்டார். ஆமென்றேன். “பதில் எழுதாண்டாம்” என்றார். எழுதுகிறேன்.

ஐந்து வருஷமாக என் கல்யாணம், சாவு எதையும் விசாரிக்காதவள், இப்போது என் வேலை போய்விடுமே என்று வருத்தப்படுகிறாய். அதை நான் நம்ப வேண்டுமென்றால் மூன்று காரியங்களுக்குப் பதில் சொல்.

ஒரு நல்ல வேலையில் பாதியை எனக்கு எதற்குத் தருகிறாய்? பத்து நாள் கோர்ஸ்தானே, நீயே போய் முடித்துவிட்டால் ரெண்டு பேட்சும் உன் கையிலேயே இருக்குமே, ஏன் போகவில்லை? ஓணத்துக்கு முந்தி என்று எதற்கு இவ்வளவு அவசரம்?

இன்னொன்று. மாநில செலக்‌ஷன் நடந்த காலையில் எனக்கு முதுகுவலி. ஒரே அறையில் படுத்திருந்ததால் அது உனக்கு மட்டும்தான் தெரியும். கோச்சுக்கு யார் சொன்னது? என் பேரை வெட்டின இடத்தில் உன் பேரை எழுதினார்கள். நான் மறக்கவில்லை என்று நீயும் தெரிந்துகொண்டே இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறாய்.

ஜின்சி


பெருங்கடவிளை
28.6.1996

ஜின்சி,

கோச்சுக்குச் சொன்னது நான்தான். அன்னைக்கே நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். காலையில நீ எழும்பி செருப்பு மாட்டக் குனிஞ்சப்போ செவரைப் பிடிச்சுகிட்டே நின்னே. அந்த முதுகை வச்சிட்டு பார்பெல்லைத் தூக்கியிருந்தா இன்னைக்கு ஸ்கூல்ல விசில் ஊதக்கூட நீ நின்னிருக்க மாட்டே. எனக்க பேரை எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாது. எழுதினப்போ வேண்டாம்னு நான் சொல்லவும் இல்ல. இதுக்கு மேல அதைப் பத்தி ஒண்ணும் எழுத மாட்டேன்.

எதுக்கு உனக்குத் தரணும்னு கேட்டே. நீ வரல்லேன்னா விஜயதாஸ் திருவனந்தபுரத்துல இருந்து யாரையாவது கொண்டு வருவாரு. அந்த ஆளு ரெண்டு பேட்சையும் எடுத்துகிட்டு என்னை வெளிய தள்ளிரும். தெரிஞ்ச ஆளா இருந்தா பாதியாவது மிஞ்சும். இதாக்கும் கணக்கு.

நான் ஏன் போகல்லேன்னா, வீட்டுல இவரு விட மாட்டாரு. மெட்ராஸ்னு சொன்னாலே இவருக்க முகம் மாறிரும். நான் ஜிம்முக்குப் போறதே இவருக்குப் பிடிக்கல்ல.

அவசரம் முதலாளிக்க அவசரம். எனக்கு ஒண்ணும் இல்ல.

பிந்து


சென்னை, வேப்பேரி
15.7.1996

பிந்து,

ஸ்கூலில் அந்த டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். நீ சொன்னதால் வந்தேன் என்று நினைக்காதே. வேறு வழி இல்லாமல் வந்தேன். சபை மூலமாக ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது.

நீ எழுதின விலாசத்துக்குப் போனேன். ஒரு லாட்ஜுக்கு மேலே ரெண்டு அறை. சுவர் முழுவதும் உடம்பை முறுக்கி நிற்கிற ஆம்பிளைகளின் படம். உள்ளே போனதும் என் பேரைக் கேட்கும் முன்னாலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கேட்டார்கள். மேஜைமேல் சர்ட்டிபிகேட் அடுக்கியிருந்தது. தங்க நிறத்தில் முத்திரை, ‘இன்டர்நேஷனல்’ என்று எழுத்து. பேர் எழுதுகிற இடம் மட்டும் காலி. “பிராக்டிகல் எங்கே நடக்கும்?” என்று கேட்டேன். “நீங்க ஸ்போர்ட்ஸ் ஆள்தானே, உங்களுக்கு எதுக்கு?” என்றார் அங்கே இருந்தவர். “அவசரம்னா நாலு நாள்ல தந்துடறோம்.” இடுப்பு வலியோடு ஒருத்தி வந்தால் என்ன செய்யணும் என்று கேட்டேன். பெல்ட் மெஷினில் நிறுத்தச் சொன்னார்.

நான் போட்டோவைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று விசாரித்து வைத்திருக்கிறேன். கீழ்ப்பாக்கத்தில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா நடத்துகிறார். நாலு மாசம். காலையில் பாடம், சாயந்திரம் பக்கத்து ஜிம்மில் ஆளை வைத்துப் பழக வேண்டும். கடைசியில் எழுத்துப் பரீட்சையும் உண்டு, பிராக்டிகலும் உண்டு. போன வருஷம் நாலு பேர் தோற்றுப் போனார்களாம். தோற்கிறதற்கு இடம் இருக்கிற பரீட்சைதான் எனக்கு வேண்டும். அதில் சேர்ந்துவிட்டேன்.

அந்த லாட்ஜுக்காரர்களை உனக்கு எப்படித் தெரியும்? ஆளை அனுப்பினால் உனக்கு ஏதாவது தருகிறார்களா?

ஜின்சி


பெருங்கடவிளை
24.7.1996

ஜின்சி,

எனக்கு யாரும் ஒண்ணும் தரல்ல. பேப்பர்ல விளம்பரம் பாத்து விலாசத்தை வெட்டி வச்சிருந்தேன். எந்தக் கோர்ஸு நல்லது எது கள்ளம்னு பெருங்கடவிளையில இருந்துகிட்டு நான் எப்படி அறியும்? நீ அறிஞ்சு பாத்தது நல்லது. ஆனா நாலு மாசமா? நவம்பர் ஆயிருமே. அதுவரைக்கும் முதலாளி பொறுக்க மாட்டாரு ஜின்சி. இதைவிட சின்னதா வேற ஒண்ணும் கிடையாதா? ஒரு மாசத்துல முடியுறது மாதிரி?

எனக்கும் முடியல்ல. ஜிம்முல தரையில விரிச்ச ரப்பர் மேட்டுக்க வாசனை மூக்குல ஏறினா அன்னைக்குப் பூரா சோறு இறங்காது. இப்போ குந்தி எழும்புறதை நான் செஞ்சு காட்டுறதே இல்ல, சாயந்திர பேட்ச்ல வாற சுகுமாரி டீச்சரை முன்னால நிக்க வச்சுச் செய்யச் சொல்லுகேன். அவங்க ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்காங்க, நல்லா செய்வாங்க. நான் பக்கத்துல நின்னு எண்ணிட்டு இருப்பேன். எத்தனை நாளைக்கு எண்ணிகிட்டே இருக்கிறது?

செப்டம்பர்ல எப்படியாவது வந்துரு மக்கா. கெஞ்சிக் கேக்கேன்னு வச்சுக்கோ.

பிந்து


சென்னை, வேப்பேரி
18.8.1996

பிந்து,

உன் கடிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். நேற்று எடுத்து வாசித்தபோது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

இங்கே முதல் மாசம் பூராவும் கேள்வி கேட்கத்தான் பழக்கினார்கள். ஒருத்தி ஜிம்முக்குள் வந்தால் எடையைத் தொடவிடும் முன்னே என்னவெல்லாம் கேட்க வேண்டும், பிரஷர் எப்படிப் பார்க்க வேண்டும், அவள் பொய் சொன்னால் எதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதுகுவலிப் பாடம் நடந்த அன்றைக்கு அந்த செலக்‌ஷன் காலையை நினைத்துக்கொண்டேன். கோச்சிடம் நீ சொன்னது தப்பில்லை. எனக்குச் சொல்லாமல் போய்ச் சொன்னது தப்பு. அதை அங்கேயே விடுகிறேன்.

போன வாரம் டாக்டரம்மா சொன்னார்: “பொம்பளைங்க எதை மறைச்சாலும் இதைத்தான் முதல்ல மறைப்பாங்க. வாசனை பிடிக்கலன்னு சொல்வாங்க. குந்தறதை நிறுத்துவாங்க. தொளதொளன்னு சட்டை போட ஆரம்பிப்பாங்க.”

எத்தனை மாசம், பிந்து?

விஜயதாஸுக்குத் தெரியுமா? நீ இன்னும் பார்பெல்லைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கிறாயா? மறைக்காமல் எழுது. இல்லையென்றால் நான் நெய்யாற்றின்கரைக்கு வரவே மாட்டேன்.

ஜின்சி


பெருங்கடவிளை
27.8.1996

ஜின்சி,

நாலு முடிஞ்சு அஞ்சு நடக்கு.

கழிஞ்ச வருஷம் ஒண்ணு மூணாம் மாசத்துல போச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சு எனக்க மாமியாரு சொன்னது, “இவ இரும்பு தூக்கித் தூக்கிப் பிள்ளையைக் கலைச்சுட்டா”ன்னு. அதை இவரும் கேட்டுகிட்டு நின்னாரு. இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லல்ல. லேடி டாக்டர் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லேன்னு சொன்னதை யாரும் காதுல போடல்ல. அதான் இந்த வாட்டி உறுதியா தெரியுற வரைக்கும் நான் யாருகிட்டயும் வாயத் திறக்கல்ல. இப்போ வீட்டுல தெரியும். வேலையை விடுன்னு தினமும் பேச்சு. வெறுதே நின்னு பேரு எழுதுற வேலைதான்னு சொல்லிச் சமாளிக்கேன். பார்பெல்லைத் தொடுகது இல்ல, அதுக்கு நீ பயப்படாண்டாம்.

முதலாளிக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே ‘வீட்டுல இருந்து ரெஸ்ட் எடு’ம்பாரு. பொறவு திரும்பிக் கூப்பிட மாட்டாரு. ஏழு மாசம் முடிஞ்சதும் காட்டாக்கடையில அம்மைக்க வீட்டுக்குப் போயிருவேன். அதுக்குள்ள எனக்க இடத்துல ஒருத்தி இருக்கணும். நான் வந்து கேட்டா எழும்பித் தாற ஒருத்தி. யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் நல்லா சிரிச்சுப் பேசுவாங்க, இடத்தை மாத்திரம் தர மாட்டாங்க. நீ சிரிக்கவும் மாட்டே, பேசவும் மாட்டே. ஆனா அடுத்தவ இடத்துல உக்காந்தா உனக்கு உறக்கம் வராது.

இதை முதல் கடிதத்துலயே எழுதியிருக்கணும். எழுதினா நீ வர மாட்டேன்னு பயம்.

இதை வேற யாருகிட்டயும் சொல்லாதே.

பிந்து


சென்னை, வேப்பேரி
5.9.1996

பிந்து,

சொல்ல மாட்டேன்.

இடத்தைப் பிடித்து வைக்கிறேன். ஆனால் நவம்பருக்கு முந்தி வர முடியாது. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து ஒருத்தியின் முதுகை ஒடித்தால் ரெண்டு பேருக்கும் இடம் இருக்காது. அதுவரைக்கும் நீ கனமானது எதையும் தூக்காதே. பெல்ட் மெஷின் பக்கமே போகாதே. டாக்டரம்மாவிடம் உன் பேரைச் சொல்லாமல் கேட்டேன், நடக்கிறது நல்லது என்றார்.

என்னை எல்லாரும் எதற்காவது பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. உன் கடிதத்தை வாசித்த பிறகும் அது போகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜின்சி


காட்டாக்கடை
2.12.1996

ஜின்சிக்கு,

உனக்கு வேலை கிடைச்சதுல சந்தோஷம். ரெண்டு பேட்சும் உனக்கேன்னு கேள்விப்பட்டேன்.

நீ விஜயதாஸைப் பாத்தது திங்கள்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பேட்ச் எடுக்கப் போனேன். படியிலயே நிறுத்திட்டாரு. “பிந்து, நீ இந்த நிலையில படியேறி இறங்காண்டாம். எல்லாம் அறிஞ்சேன். இனி ஜின்சி பாத்துக்கிடும். பிள்ளையை நல்லபடியா பெத்து வளத்துகிட்டு வீட்டுல சந்தோஷமா இரு.” அவ்வளவுதான். ‘திரும்பி வா’ன்னு ஒரு பேச்சு இல்ல. எனக்க தோர்த்துத் துண்டும் தண்ணி பாட்டிலும் உள்ள இருந்தது, அதை எடுக்கக்கூட மேல விடல்ல. கடைப் பையன் எடுத்துத் தந்தான்.

தொளதொள சட்டைக்கு மேல கோட்டு போட்டு இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் தெரியாம நடந்தேன். வெளிய இருந்து அறிஞ்சது நீ ஒருத்திதான். நீ போன மறுநாள் அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?

அந்த செலக்‌ஷனுக்கு இப்படி ஒரு பதில் உண்டுன்னு நான் நினைக்கவே இல்ல. மனசுல வச்சிருந்து செஞ்சிட்டே. சரி. இப்போ நாம சமம்.

இனி எழுதாதே.

பிந்து


பாறசாலை
9.12.1996

பிந்து,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வாசிப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

திங்கள்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போனதும் விஜயதாஸ் சர்ட்டிபிகேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன படித்தேன் என்று கேட்கவில்லை. “இதை பிரேம் போட்டு மாட்டலாம் இல்லியா?” என்றார். பிறகு, “கல்யாணம் எப்போ?” என்றார். இப்போதைக்கு இல்லை என்றேன். “அது நல்லது” என்றார். எனக்கு அப்போதே அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

அவருடைய பெண்சாதி ரத்னபாய் அங்கே இருந்தாள். “இவளை வச்சு ஒண்ணு செஞ்சு காட்டு, பாப்போம்” என்றார். நான் எடையை எடுக்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தேன். தலை சுற்றுமா, நெஞ்சு படபடக்குமா, எப்போதாவது விழுந்தீர்களா. “ரெண்டு வாட்டி அடுக்களையில விழுந்திருக்கேன்” என்றாள் அவள். விஜயதாஸ் நிமிர்ந்து பார்த்தார். “எனக்கிட்ட சொல்லல்லியே?” “நீங்க கேக்கல்லியே” என்றாள். பிரஷர் பார்த்தேன், கூடுதலாக இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் பயிற்சி, அதுவரைக்கும் நடந்தால் போதும் என்றேன். “முதலாளிக்க பெண்சாதியையே திருப்பி அனுப்புறியா?” என்று அவர் கேட்டார். ஆமென்றேன். ரத்னபாய்தான், “இவளையே வச்சுக்கிடுங்க” என்றாள். காலை பேட்ச் எனக்கு, சாயந்திரம் பிந்துவுக்கு. அப்படித்தான் பேசி முடித்தோம். உன் உடம்பைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

நான் படி இறங்கும்போது ஒருவர் ஏறி வந்தார். சட்டைப்பையில் பேனா, கையில் குடை. “ஜின்சி நீயாக்குமா? வேலை கிடைச்சாச்சா?” என்று கேட்டார். கிடைத்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். அவர் என்னைக் கடந்தபோது புகை போட்ட ரப்பர் ஷீட்டின் நாற்றம் வந்தது.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. உனக்குத் தெரியுமா என்று நீயே யோசித்துக்கொள்.

ரெண்டு பேட்சும் எனக்கு என்று சேர்ந்த அன்றைக்குத்தான் விஜயதாஸ் சொன்னார். நீயாக விலகினாய் என்றும் சொன்னார். அதை நம்பி, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று உன்மேல் கோபமாக இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஜின்சி


காட்டாக்கடை
20.1.1997

ஜின்சி,

பெண் பிள்ளை. பதினொண்ணாம் தேதி பிறந்தா. ரெண்டு பேருக்கும் சுகம்.

உனக்க கடிதத்தை அலமாரியில துணிக்கடியில போட்டு வச்சேன். பதில் எழுதக் கூடாதுன்னு இருந்தேன். ரப்பர் நாற்றம்னு நீ எழுதினது பொய்யா இருக்கும்னு நினைச்சேன். பேனாவும் குடையும் யாருகிட்ட இல்ல? எனக்க குடும்பத்தைப் பிரிக்கப் பாக்கான்னு அம்மைகிட்டயும் சொன்னேன்.

பிள்ளையைப் பாக்க இவரு வந்தாரு. சோறு போட்டு, மீன் குழம்பு விட்டு, பக்கத்துல இருந்து கேட்டேன். “ஜிம்முக்குப் போயி முதலாளிகிட்ட சொன்னது யாரு?”

“நான்தான்” என்னாரு. கை நிக்கவே இல்ல. சாப்பிட்டுகிட்டே இருந்தாரு. “அந்தப் பெண்ணு சேரட்டும்னு காத்திருந்தேன். அவ சேந்தாச்சு, இனி நீ இல்லேன்னாலும் அவருக்கு நஷ்டம் இல்லியே. போன வாட்டி மாதிரி ஆகக் கூடாது இல்லியா?”

“இதை எதுக்கு எனக்கிட்ட மறைச்சிய?”

“மறைக்கல்லியே. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

உண்மைதான். நான் அவருகிட்ட கேக்கல்ல. உனக்குத்தான் எழுதினேன். கூட ஒரே வீட்டுல இருக்கிற ஆளை விட்டுட்டு மெட்ராஸ்ல இருந்து வந்த உன்னைச் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்பட எனக்கு எளுப்பமா இருந்தது. அவரைச் சந்தேகப்பட்டா பொறவு எங்க போயி நிக்கிறது?

போன வாட்டி பிள்ளை போனதுக்கு நான்தான் காரணம்னு இவரு இப்பவும் நம்புறாரு. அது அன்னைக்குத்தான் எனக்கு நல்லா விளங்கிச்சு. கத்தல்ல, அழல்ல. இலையை எடுத்துப் போட்டுட்டு வந்து, “நான் இப்போ பெருங்கடவிளைக்கு வரல்ல”ன்னு சொன்னேன். இவருக்கு ஒண்ணும் விளங்கல்ல. பிள்ளைக்குச் சளி பிடிச்சதனால சொல்லுகேன்னு நினைச்சுகிட்டு போயிட்டாரு.

உன்னை அப்படி எழுதினதுக்கு என்ன எழுதணும்னு தெரியல்ல. நீ திட்டி ஒரு கடிதம் எழுது, வாங்கி வச்சுக்கிடுகேன். அந்த வேலையை நீயே வச்சுக்கோ.

பிந்து


பாறசாலை
3.2.1997

பிந்து,

திட்டுவதற்கு நேரம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நீ பிரசவித்த விஷயத்தை சாயந்திர பேட்சில் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். “பிந்து எப்போ வரும்?” என்று சுகுமாரி டீச்சர் கேட்டாள். இனி வர மாட்டாள், முதலாளி நிறுத்திவிட்டார் என்றேன். பிள்ளைக்காக அவளே நின்றுவிட்டாள் என்றல்லவா எங்களிடம் சொன்னார் என்றாள். அதற்குப் பிறகு யாரும் கம்பியைத் தொடவில்லை. அப்படியே ரப்பர் மேட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். “விஜயதாஸைக் கூப்பிடு” என்றாள் டீச்சர். நான் சொல்லிக் கொடுத்து அவர்கள் செய்யவில்லை, இதையும் சந்தேகப்படாதே.

அவர் மேலே வந்தார். “அவகிட்ட சர்ட்டிபிகேட் இல்லியே டீச்சர்” என்றார். “இத்தனை நாள் இல்லாமத்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தா? அப்போ எங்களை ஏமாத்தினியளா?” என்று டீச்சர் கேட்டாள். நான் சொன்னேன்: “காலை பேட்ச் என் வேலை. சாயந்திரத்தை பிந்துவுக்காக நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் படித்து சர்ட்டிபிகேட்டோடு வருவாள். வேறு யாரையும் போட்டால் நான் காலையிலும் வர மாட்டேன்.” பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவள் எங்கே படிக்கப் போகிறாள் என்று அவர் சிரித்தார். ஆகஸ்ட் வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பொறுப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ரத்னபாய் இப்போது காலை பேட்சில் வருகிறாள், அவள் நினைவுபடுத்துவாள்.

டாக்டரம்மாவுக்கு எழுதினேன். மார்ச் பேட்சில் உனக்கு இடம் உண்டு. அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிப் போ. பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துத் தருவதாக எழுதியிருக்கிறார்.

ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சாயந்திரத்துப் பெண்கள் இப்போது படியேறும்போதே “ஜின்சி வந்தாச்சா?” என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒருத்தி வீட்டிலிருந்து எனக்கு அவல் கொண்டுவந்தாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆகஸ்ட்டைத் தாண்டினால் நான் எழும்பித் தருவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடு.

ஜின்சி


சென்னை, அயனாவரம்
21.7.1997

ஜின்சி,

பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டும் வந்தாச்சு. எழுத்துல உன்னைவிட குறைவு, பிராக்டிகல்ல உன்னைவிட கூடுதல். நான் கேக்கல்ல, டாக்டரம்மாவேதான் சொன்னாங்க.

போன புதன்கிழமை இவரு வந்தாரு. வாறேன்னு எழுதல்ல. அம்மை பிள்ளையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்தப்போதான் எதிர்ப்பக்கம் டீக்கடையில நிக்கிறதைப் பாத்திருக்கா. காலையில இருந்தே அங்கதான் நின்னாராம். நான் நெசமாவே படிக்கத்தான் போறேனா, வேற எங்கயாவது போறேனான்னு பாக்க வந்திருக்காரு. பொறவு கிளாஸுக்க ஜன்னல் பக்கம் வந்து நின்னாரு. நான் ஒரு ஸ்த்ரீக்க கையைப் பிடிச்சு நாடி எண்ணிட்டு இருந்தேன். எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் அவரைத் திரும்பிப் பாக்கல்ல.

வெளிய வந்ததும் கேட்டாரு, “இதெல்லாம் படிக்கிறதுக்கு உண்டா?” உண்டுன்னேன். கொஞ்சநேரம் பிள்ளையைத் தோளுல போட்டுகிட்டு நடந்தாரு. டாக்டரம்மா வாசலுக்கு வந்தப்போ அவங்ககிட்டயே போயி, “எடை தூக்கினா பிள்ளை கலையுமா?”ன்னு கேட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவங்க உக்கார வச்சு நிதானமா சொல்லிக் குடுத்தாங்க. முதல் பிள்ளை எதனால போயிருக்கலாம்னும் சொன்னாங்க. இவரு கேட்டுகிட்டே இருந்தாரு. பொறவு எனக்கிட்ட வந்து, “நான் அறிஞ்சிருக்கல்ல”ன்னு மாத்திரம் சொன்னாரு. பெருங்கடவிளைக்கு வாறியான்னு கேட்டாரு. இப்போதைக்கு அம்மைக்க வீடுதான், வரணும்னு தோணினா வாறேன்னு சொன்னேன். தலையை ஆட்டினாரு. ரயிலுக்குப் போற வரைக்கும் பிள்ளையை இறக்கி வைக்கல்ல. இவரை நான் நம்பலாமா வேண்டாமான்னு எனக்கு இன்னும் தெரியல்ல. அவசரம் ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் நாலாம் தேதி திங்கள்கிழமை சாயந்திரம் நான் வாறேன். விஜயதாஸ்கிட்ட சொல்லிரு. அன்னைக்கு நீ மேல நிக்காண்டாம். நீ நின்னா அந்தப் பெண்ணுங்க உன்னையும் என்னையும் மாறி மாறிப் பாக்கும். நீ எதுக்கு நிக்கேன்னு நானும் யோசிச்சுகிட்டே இருப்பேன், பேட்ச் நடக்காது. கொஞ்சநாள் போகட்டும்.

அம்மைக்குக் கால்ல நீரு, அந்த மாடிப்படி ஏறவும் மாட்டா, காட்டாக்கடையில இருந்து தினமும் பஸ்ஸுல வரவும் மாட்டா. அதனால பிள்ளையை நானே தூக்கிட்டு வாறேன். ஆர்யான்னு பேரு போட்டிருக்கு. புது ஆளைப் பாத்தா முதல்ல முறைப்பா, பொறவு சரியாயிரும். நாலு மணிக்குக் கீழ ஜவுளிக்கடை வாசல்ல நில்லு. உங்கிட்ட தந்துட்டு மேல போறேன்.

பிந்து